இன்ச் டேப்பும் என் இடது முட்டியும்

ஆர்டர் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே, அளவு கொடுத்தவர் பெயரை எழுதுவது என் வழக்கம். 2023 பிப்ரவரியில் ஒரு பக்கத்தில் என் பெயரையே எழுதினேன். முட்டிச்சில்லின் நடுவே டேப்பைச் சுற்றினால் வலது 14 இன்ச், இடது 15½. சில்லுக்கு மேலே நாலு இன்ச் தள்ளித் தொடையைச் சுற்றினால் வலது 17, இடது 16. முட்டி வீங்கியிருக்கிறது, அதே காலில் தொடை இளைத்திருக்கிறது. இரண்டும் ஒரே காலில் எப்படி நடக்கும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அது விளங்கி, நான் மறுபடி மெஷினில் உட்கார ஒரு வருஷம் ஆனது. முடக்குவாதம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, காலை அசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். 22 வருஷமாக ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். 2022 ஆடியில் விரல்களில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கையும் மூடாது. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரிகிறது, விரல் சேரவில்லை. விரல் நுனிக்கணுவில் ஒன்றுமில்லை. நடுக்கணுவும் விரல் உள்ளங்கையோடு சேருகிற மேட்டுக்கணுவும்தான் புடைத்திருந்தன. பத்து மணி வாக்கில் கொஞ்சம் இளகும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். வயசாகிறது, கால்சியம் குறைவு என்று சொல்லி வலி மாத்திரை எழுதித் தந்தார்கள். தெருவில் எல்லோரும், முன்பு வந்த சிக்குன்குனியா விட்டுப்போன வலி என்றார்கள். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று நானும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். அந்த நாலு மாசத்தை வீணாக்கியதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன். இடது மணிக்கட்டு எலும்பு ஒரு இடத்தில் கொஞ்சம் அரித்துப்போயிருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அது இனி ஆறாது.

கார்த்திகையில் இடது முட்டி வீங்கியது. தொட்டால் சுட்டது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பொங்கியது. எதிர் வீட்டு அக்காவுக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை எனக்கும் காட்டினார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அமுக்கி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அவருக்கு அதில் நல்ல குணம். நான் சீக்கிரம் சரியாகட்டும் என்று காலையும் மாலையும் 30 தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். நாலாம் நாள் முட்டி இன்னும் புடைத்து, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திப் படுத்தேன். முட்டிக்கு அடியில் தலையணை வைத்து லேசாக மடக்கி வைத்தால் வலி இல்லை. மூன்று வாரம் அப்படியே கிடந்தேன். அதன்பிறகு கால் முழுசாக நீளவில்லை.

ஜனவரியில் கோவைக்குப் போய் மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தோம். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். அழற்சி, அதாவது உடம்புக்குள் இருக்கும் சூடும் வீக்கமும், எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர். 82, மிக அதிகம். "முடக்குவாதம். சரவாங்கின்னு பெரியவங்க சொல்லுவாங்களே, அதேதானுங்க" என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிற நோய் என்று விளக்கினார். அந்தத் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். நான் காலண்டரில் எல்லா வெள்ளிக்கிழமையையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினமும், அதற்காகக் கண் பரிசோதனை. முதலில் மாசாமாசம் ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க ரத்தப் பரிசோதனை. மாத்திரை வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை தாங்கக் கொஞ்சம் ஸ்டீராய்டு.

அடுத்த மாசம் போனபோது முட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஆர்டர் நோட்டில் நான் எழுதிய அளவு அதற்கு முந்தின நாள் எடுத்தது. 40 மில்லி வந்தது. நல்ல மூட்டு நீர் தெளிவாக, முட்டை வெள்ளைக்கரு போல இழுபடுமாம். எனக்கு வந்தது கலங்கல் மஞ்சள், தண்ணீராக ஓடியது. அதே ஊசி வழியாக மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்தினார்கள். இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டு, பிசியோதெரபிக்கு எழுதினார்கள்.

அங்கே இருந்த பொண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் செய்த பயிற்சியைக் கேட்டதும், "அக்கா, அது தேய்மானத்துக்குச் சரி. நீர் கட்டிச் சுடுகிற முட்டியில அவ்வளவு பலமா, அவ்வளவு நேரம் பிடிக்கக்கூடாதுங்க" என்றது. தலையணையையும் எடுக்கச் சொன்னது. முட்டியை லேசாக மடக்கி வைக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு, அதனால் வலி தெரியாது. ஆனால் அப்படியே விட்டால் பின்பக்கத் தசையும் நாரும் சுருங்கி, கால் அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். எனக்கு நடந்ததும் அதுதான்.

தொடை இளைத்ததற்கும் காரணம் சொன்னது. மூட்டுக்குள் நீர் தேங்கினால் அங்கிருந்து நரம்பு வழியாகப் போகும் சேதி, தொடைத் தசையின் வேலையை அடக்கிவிடுகிறது. நாமாக முயன்றாலும் தசை முழுசாக இறுகாது. நான் சோம்பேறியாகப் படுத்ததால்தான் கால் சூம்பியது என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு அழுதிருக்கிறேன். அன்றைக்கு மனசு லேசானது.

என் மகள் அப்போது பி.பி.டி. என்கிற பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். முட்டி சுடுகிறது, சிவக்கிறது, அப்படியென்றால் ரத்தம் நிறையத்தானே ஓடுகிறது. அப்புறம் ரத்த ஓட்டத்துக்காக அசை என்று ஏன் சொல்கிறார்கள்?

அவள் மெஷின் மேலிருந்த நூல்கண்டை எடுத்து என் ஆள்காட்டி விரலில் நாலு சுற்று இறுகச் சுற்றினாள். விரல் நுனி வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்தாள். குப்பென்று சிவந்து, குறுகுறுத்தது.

"பார்த்தியாம்மா? வீங்கின முட்டியில ஒவ்வொரு தடவையும் இது நடக்குது."

நல்ல முட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்குமாம். அசைத்தாலும் சவ்வில் ரத்தம் தடையில்லாமல் ஓடும். நீர் கட்டிய முட்டியில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். தொடையை இறுக்கும்போது அது இன்னும் ஏறி, சவ்வில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையே நசுக்கிவிடுகிறது. ரத்தம் நிற்கிறது. தளர்த்தியதும் திரும்பப் பாய்கிறது. அப்படிப் பட்டினி கிடந்த இடத்தில் ஆக்சிஜன் திடீரென்று வரும்போது, திசுவைத் தின்னும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. மூட்டு நீருக்கு வழுவழுப்பு தரும் ஹயலுரானிக் அமிலத்தையும் அவை துண்டாக்குகின்றன. லண்டனில் டேவிட் பிளேக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1989-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை எழுதினார்களாம். முட்டி சுடுவதற்கும் பதில் இருந்தது. அழற்சியில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, ரத்தமும் வருகிறது. ஆனால் தடித்துப்போன சவ்வில் குவிந்திருக்கும் உயிரணுக்களின் பசிக்கு அது போதவில்லை. அதனால் வெளியே சூடாக இருக்கும் மூட்டின் நீரில், உள்ளே ஆக்சிஜன் குறைவு.

இதைக் கேட்டதும், அப்படியென்றால் அசைக்காமல் இருப்பதே நல்லது என்றேன். ஒரு காலத்தில் டாக்டர்களே முடக்குவாதக்காரர்களை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டு, மூட்டுகளுக்குக் கட்டை வைத்துக் கட்டி வைத்தார்களாம். மகள் தலையை ஆட்டினாள். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நனைந்த துணியைப் பிழிந்து மறுபடி முக்குவது போல, அமுங்கி விரியும்போதுதான் பழைய நீர் வெளியேறிப் புது நீர் உள்ளே போகும். தேங்கிய நீர் வடிவதற்கும் அசைவு வேண்டும். ஆக, பிடித்து நிறுத்துவதுதான் எனக்குக் கெடுதல். தாளம் தவறாமல், பாரமில்லாமல், விட்டு விட்டு அசைப்பது மருந்து. இது பிடிபட எனக்கு இவ்வளவு காலம் ஆனது. வீங்கிய மூட்டு உள்ள ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதை யாராவது சொல்ல வேண்டும்.

காலை விறைப்புக்கும் கணக்கு இருந்தது. அழற்சியைத் தூண்டுகிற இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும். கூடவே இரவெல்லாம் அசையாமல் கிடப்பதால் வீக்கம் சேரும். அதனால் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே கணுக்காலை மேலும் கீழும் 20 தடவை, குதிகாலை மெத்தையில் இழுத்து முட்டியை மடக்கி நீட்டுவது 10 தடவை. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கையையும் முக்கி, விரலை மூடித் திறப்பது. முட்டி சுடுகிற நாளில் அதற்கு மட்டும் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம்.

"வீட்டுல பழைய மிதி மெஷின் இருக்குதுங்களாக்கா?" என்று பிசியோதெரபி பொண்ணு கேட்டது. 2015-இல் மோட்டார் போட்டதிலிருந்து பெடல் சும்மாதான் இருந்தது. பெரிய சக்கரத்தில் பெல்ட் மாட்டாமல், தைக்காமல், வெறுமனே ஐந்து நிமிஷம் மிதிக்கச் சொன்னது. கணுக்கால் நன்றாக அசையும், முட்டி கொஞ்சம் அசையும், உடம்பு பாரம் எதுவும் முட்டியில் இறங்காது. குதி இறங்க விரல் ஏறும், விரல் இறங்க குதி ஏறும். முதல் நாள் மூன்று நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. கணக்கு ஒன்று சொல்லியிருந்தது: பயிற்சி முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் அளவு மீறிவிட்டோம், மறுநாள் குறைக்க வேண்டும். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று ஏறி, சித்திரையில் இருபது நிமிஷம் மிதித்தேன். வீக்கம் வடிந்த பிறகுதான் தொடையை இறுக்கும் பயிற்சி வந்தது, அதுவும் ஐந்து எண்ணும்வரை மட்டும்.

மாத்திரையில்லாமல் இதெல்லாம் நடந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெடல் மிதித்து முடக்குவாதம் போகாது. முதல் ஆறு வாரம் டேப் கணக்கில் பெரிய மாற்றமே இல்லை. வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டால் சனிக்கிழமை முழுக்கக் குமட்டும், சோறு இறங்காது. பத்தாவது வாரம் வாக்கில்தான் காலை விறைப்பு இரண்டு மணி நேரத்திலிருந்து அரை மணிக்கு வந்தது. மருந்து அழற்சியை அடக்கிய பிறகு, அசைவு தசையையும் மடிப்பையும் மீட்டுத் தந்தது. ஒரு எண்ணெய் வைத்தியரிடமும் நடுவில் போனேன், மறைக்கவில்லை. சுடுகிற முட்டியை அவர் பலமாக உருவிவிட்டதில் மறுபடி நீர் சேர்ந்தது.

கைக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. கத்திரி பிடித்து நாலு அடுக்குத் துணி வெட்டுவது என்றால் கட்டைவிரல் அடியில் இறுக்கிப் பிடிக்கிற வேலை. முட்டியில் தொடையை இறுக்கியதும் இதுவும் ஒன்றுதான். இப்போது ஒரு அடுக்கு, அதிகம் போனால் இரண்டு அடுக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கத்திரியை வைத்துவிட்டு விரலை விரிக்கிறேன். பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 490 பேரை வைத்துக் கைப்பயிற்சி பற்றி நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானதை மகள் படித்துக் காட்டினாள். ஒரு வருஷம் கழித்தும், பயிற்சி செய்தவர்களின் கை வேலைத்திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கும் அப்படியே. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் கொக்கி வைத்துத் தைக்க முடிகிறது.

2024 தீபாவளி ஆர்டரில் மறுபடி முட்டி சுட்டது. முன்பு போலப் படுத்துவிடவும் இல்லை, வீம்புக்கு மிதிக்கவும் இல்லை. பெடலை நிறுத்தினேன். படுத்த வாக்கில் காலை முழுசாக மடக்கி முழுசாக நீட்டுவதை மட்டும் நாளுக்கு நாலு தடவை விடாமல் செய்தேன். டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். மூன்று வாரத்தில் அடங்கியது. வாங்கிய ஆர்டரில் பாதியைப் பக்கத்துத் தெரு தங்கச்சியிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன்.

மோட்டாரைக் கழற்றி எடுத்தாகிவிட்டது. இப்போது மிதித்துத்தான் தைக்கிறேன். வேகம் குறைவு, ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட்தான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருகிறேன். என் பெயர் போட்ட பக்கம் நிரம்பி, இப்போது மூன்றாவது பக்கம் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது: முட்டி வலது 14, இடது 14¼. தொடை வலது 17, இடது 16¾.