பழைய வீட்டை விட மனைக்கு விலை கூடும்போது

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பகுதி 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து, 2021-ல் நீக்கப்பட்டது. போரும் வெள்ளமும் காரணமில்லை, ஆற்றங்கரையில் எழுந்த, எழவிருந்த புதிய கட்டுமானங்கள்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்ப் பள்ளத்தாக்கு 2009-லேயே அந்தத் தகுதியை இழந்தது, ஒரே ஒரு பாலத்தால்.

உடனே என்னை வளர்ச்சிக்கு எதிரி என்று முத்திரை குத்தாதீர்கள். பழைய நகரத்திலும் மனிதர்கள் வாழ வேண்டும், நல்ல கழிவுநீர்க் குழாய் வேண்டும், கட்டுப்படியாகிற வாடகை வேண்டும்.

என் கவலை வேறு. இரண்டு மாடிப் பழைய வீடு நிற்கிற இடத்தில் பத்து மாடிக்கு அனுமதி என்று விதியை மாற்றினால், வீட்டை விட அதன் அடியிலுள்ள மண்ணுக்கு மதிப்பு கூடிவிடுகிறது, அப்புறம் உரிமையாளர் ஏன் ஓடு மாற்றப் போகிறார், கூரை ஒழுகட்டும், தானாக விழட்டும் என்றுதான் விடுவார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை. பயன்படுத்தாத அந்தக் கட்டுமான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்க வழி செய்தால், வீடும் நிற்கும், அவருக்கும் பணம் வரும். பல நகரங்களில் நடைமுறையில் இருக்கிற ஏற்பாடுதான் இது.

பாரிஸ் 1973-ல் மோன்பர்னாஸ் கோபுரம் என்ற வானுயர்ந்த கட்டடத்தைத் திறந்தது, மக்கள் கொந்தளித்த பிறகு 1977-ல் உயர வரம்பு கொண்டுவந்தது. கோபுரங்கள் நகர எல்லைக்கு வெளியே லா டிஃபான்ஸில் வளர்ந்தன. வளர்ச்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது.

உங்கள் நகரத்தின் வளர்ச்சித் திட்ட வரைவு வெளியானால் தயவுசெய்து படியுங்கள், ஆட்சேபம் தெரிவிக்கும் தேதி முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.