எட்டயபுரத்துக்கு வந்த கத்தோலிக்கர்

எனக்கு ஸ ரி க ம எழுத்தில் இருந்தால் ஓடாது. கோயில் பாடற்குழுவில் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நொட்டேஷன்தான் பழக்கம். போன மாதம் பழைய புத்தக ஸ்கேன்களை மேய்ந்துகொண்டிருந்தபோது அந்த ஐந்து கோடுகளின் மேல் தியாகராஜர் கிருதி உட்கார்ந்திருந்தது. தூக்கம் போயிற்று.

புத்தகம், 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்'. 1890-களின் தொடக்கத்தில் சென்னையில் வெளிவந்தது. போட்டவர் ஏ.எம். சின்னசாமி முதலியார்: சென்னைத் தலைமைச் செயலகத்தில் சூப்பரின்டெண்டென்ட், எங்களைப் போலக் கத்தோலிக்கர். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடம் பாடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். கைக்காசு, பிறகு கண்பார்வை, இரண்டும் அதில் கரைந்தன.

உடனே வாசித்துப் பார்த்தேன். அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி (வீணை கற்றவள்) எட்டிப் பார்த்து, "என்னங்க, சுரத்தையெல்லாம் வேலிக்கம்பு மாதிரி நட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். ஒரு சுரம்கூடத் தப்பில்லை, ராகம்தான் வரவில்லை. கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் நெளிவை, அந்தக் கோடுகளில் எங்கே வைப்பது?

முதலியாருக்கும் இந்தக் குறை உறுத்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 1899-இல், பார்வை மங்கிய நிலையில், எட்டயபுரம் வந்தார். அரண்மனை வித்வான் சுப்பராம தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் குடும்பச் சொத்தாக இருந்தன. அவற்றைக் கமகக் குறிகளோடு அச்சில் ஏற்றவேண்டும் என்று முதலியார் மன்றாட, ராஜா ஒப்புக்கொண்டார். எட்டயபுரத்து வித்யா விலாஸினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில், 1904-இல் வந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. இன்று தீட்சிதர் கிருதிக்குப் பாடபேதம் என்று சண்டை வந்தால் எல்லோரும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சுப்பராமரை வளர்த்துச் சுவீகாரம் எடுத்த தாத்தா பாலுசுவாமி தீட்சிதர்தான் கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்தவர் என்பார்கள். அவர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்ததும் ஒரு முதலியார், மணலி ஜமீன் குடும்பத்தவர். வாத்தியம் கடல் தாண்டி வந்து உள்ளூர்க்காரனாகிவிட்டது. நொட்டேஷன் அப்படி ஆகவில்லை.

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் எத்தனை முறை எட்டயபுரத்தைக் கடந்திருப்பேன்! பாரதி பிறந்த ஊர் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன், அவ்வளவுதான். சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது பாரதியே இரங்கல் பாடியிருக்கிறார். அதைப் படித்தும் அந்த ஆள் யார் என்று நான் தேடவில்லை. புரவலர் என்றால் ராஜா, ஜமீன்தார் என்றே மனதில் பதிந்திருக்கிறது. மாதச் சம்பளத்தில் சங்கீதத்தைக் காப்பாற்றப் பார்த்த ஆபீஸ்காரரை அந்த வரிசையில் நான் வைத்ததே இல்லை.

பிரதர்சினியில் கம்பிதத்துக்கு, அதாவது சுரத்தை நடுங்கவைக்கும் கமகத்துக்கு, நெளிகோடு போட்டிருக்கிறார்கள். என் கீபோர்டின் இடப்பக்கம் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. கோயிலில் அதைத் தொட்டதே இல்லை. இப்போது தினமும் ராத்திரி அதை உருட்டிப் பழகுகிறேன். அடுத்த அறையிலிருந்து இன்னும் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.