லேசுல போகாது

"லேசுல போகாது அண்ணாச்சி" என்று சொன்னேனா, இல்லை "போகாது அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேனா? இரண்டு வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் சொன்ன மாதிரியே இருக்கிறது. சில நாள் இல்லை.

2020 ஆவணி. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்த நேரம். கவுன்ட்டருக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தேன். ஹார்ட் டிஸ்க் வாங்க வந்த போட்டோ ஸ்டூடியோ அண்ணாச்சி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "தம்பி, விலை முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. எந்தக் கம்பெனி போகாது, அத மட்டும் சொல்லுங்க."

நான் அலமாரியிலிருந்து ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்து, பெட்டியின் மேல் இரண்டு முறை விரலால் தட்டினேன். தட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடச் சொன்னதுதான் ஞாபகம் இல்லை. "லேசுல" என்று சொல்லியிருந்தாலும், முகக்கவசத்துக்குள் அது அவர் காதுக்குப் போயிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அது எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு டிஸ்க் செத்ததை வைத்துப் பெயர் சொன்னால், அன்றைக்குக் கவுன்ட்டரில் செய்ததையே மறுபடியும் செய்கிறேன் என்று ஆகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். முறையில் எழுதுபவை என்பது வெளியே வந்தது. டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டத் தடங்களாகப் பதியும்; இந்த முறையில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஓர் இடத்தில் திருத்தி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். வாங்குகிறவருக்கு அதைச் சொல்லாமலே விற்றிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எந்தக் கம்பெனி டிஸ்க் வந்தாலும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடாமல் நான் விற்றதில்லை. அண்ணாச்சிக்குக் கொடுத்ததையும் தேடிப் பார்த்தேன். தடங்கள் தனித்தனியாக இருக்கும் மாடல்தான். மூன்று வருஷ வாரண்டி. விலையும் சரி. இதற்கு மேல் ஒரு கடைக்காரன் என்ன பார்ப்பான்?

ஆனால் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் மாடல் எண் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் என் மேசைக்கு ஒரு கம்பெனியின் டிஸ்க்குகள் 9 செத்து வந்தன. இன்னொன்றிலிருந்து 3. அந்த 3-ஐ வைத்துத்தான் "இது போகாது" என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்தது. முதல் கம்பெனி சரக்கை அதே காலத்தில் நான் மூன்று மடங்கு விற்றிருந்தேன் என்பதைப் பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது 2023-இல்தான். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்று. ரிப்பேர் மேசைக்குச் செத்தது மட்டும்தான் வரும். ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துக்கொண்டு "அண்ணே, இது நல்லா ஓடுது" என்று சொல்ல யாரும் வருவதில்லை.

2023 தை. அண்ணாச்சி டிஸ்க்கை ஒரு குற்றாலத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். இணைத்துப் பார்த்தேன். சுழல ஆரம்பிக்கிற சத்தம் வந்தது, பிறகு டக்... டக்... டக்... ஏழெட்டு முறை, அப்புறம் சுழற்சி அடங்கி அமைதியாகிவிட்டது. உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டேன். அந்தச் சத்தம் வந்த பிறகு ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்ப்பதும் உள்ளே இருப்பதைச் சுரண்டுவதுதான். கையில் எடுத்தபோது லேசான சூடு இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரு வேலையும் செய்யாதீங்க அண்ணாச்சி, சென்னைக்கு அனுப்பிருவோம்" என்றேன். அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார்.

அவங்க அப்பா ஆரம்பித்த ஸ்டூடியோ அது. பரணில் மூட்டை மூட்டையாக நெகட்டிவ். பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்கள், ஆனித் தேரோட்டம், 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளம், எத்தனையோ வீட்டுக் கல்யாணம். பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததால், ஊரடங்கில் காலேஜ் இல்லாமல் வீட்டில் இருந்த மகள் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறாள். 18,000 படத்துக்கு மேலே. முடிந்ததும் நெகட்டிவ்களைக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டார். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

"அதான் டிஸ்க்குல இருக்கேன்னு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் எனக்குள் இரண்டு பேர் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒருவன் கேட்கிறான்: நெகட்டிவைப் போடச் சொன்னது நீயா? டிஸ்க் வாங்கும்போது அதில் என்ன வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னாரா? இன்னொருவன் சொல்கிறான்: ஸ்டூடியோக்காரர் டிஸ்க்கில் வேறு எதை வைப்பார்? அதோடு 2021 கடைசியில் டீக்கடையில் "பரண் காலியாயிட்டு தம்பி" என்று அவர் சொன்னபோது, "நல்லது அண்ணாச்சி, கரையான் தொல்லை விட்டுச்சு" என்றவன் நான்தான். என்ன காலி, ஏன் காலி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டுக் கொடுக்க ஒரு ராத்திரி போதும்.

சென்னையில், செத்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கிறவர்கள் திறந்து பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார்கள். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய தட்டில் வட்ட வட்டமாகக் கோடு. தட்டைத் தொடாமல் மிதந்து படிக்க வேண்டிய தலை இறங்கித் தட்டைத் தொட்டிருக்கிறது. ஒன்றும் எடுக்க முடியவில்லை, அதனால் காசும் வேண்டாம் என்றார்கள். அந்தப் படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பவா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, கடைசியில் மகளுக்கு அனுப்பினேன்.

அவள் போன் பண்ணினாள். "அண்ணே, கம்பெனித் தாள்ல 10 லட்சம் மணி நேரம்னு போட்டிருக்கே. வகுத்துப் பாத்தா 114 வருஷம் வருது." கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். ஒரு டிஸ்க் 114 வருஷம் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை, 114 டிஸ்க் ஒரு வருஷம் ஓடினால் அதில் ஒன்று போகலாம் என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். இந்த விளக்கம் எனக்கு 2020-லேயே தெரியும்.

அப்புறம் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படித்தது அண்ணாச்சிக்காகவா, என் மேல் தப்பில்லை என்று நிறுவுவதற்காகவா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேக்ஸ்டர் 2006-இல் சீகேட்டோடு சேர்ந்தது, சாம்சங்கின் டிஸ்க் தொழிலும் 2011-இல் அங்கேயே போனது, ஹிட்டாச்சியினுடையதை 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. என் மனசில் இருந்த "நல்ல கம்பெனி, மோசமான கம்பெனி" பட்டியலில் பாதிப் பெயர் இன்று இல்லவே இல்லை.

அமெரிக்காவில் இணையம் வழியே மற்றவர்களின் கோப்புகளுக்குக் காப்பி வைத்துக் கொடுக்கும் பேக்பிளேஸ் என்ற கம்பெனி, தான் ஓட்டும் டிஸ்க்குகளில் எத்தனை போகிறது என்று மாடல் வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. 2023-இல் ஒட்டுமொத்தமாக 100-க்கு 1.40. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் வருஷக்கணக்கில் அசையாமல் ஓடுகிறது, இன்னொன்று கொத்துக் கொத்தாகப் போகிறது. சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் அப்படித்தான் கெட்ட பெயர் வாங்கியது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் அங்கே நன்றாக உழைத்திருக்கின்றன. ஐபிஎம் விற்ற டெஸ்க்ஸ்டாரில் ஒரு வரிசை 2001 வாக்கில் விழுந்த விழுகையில் ஜனங்கள் அதை டெத்ஸ்டார் என்றே அழைத்தார்கள். அந்தத் தொழில் ஹிட்டாச்சிக்குக் கைமாறி, அதே டெஸ்க்ஸ்டார் பெயரில் வந்தவைதான் பிற்பாடு பேக்பிளேஸ் கணக்கில் மிகக் குறைவாகப் போனவற்றில் இருந்தன. இதில் எந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒருவருக்கு வாக்குக் கொடுப்பது?

கூகுள் ஆட்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வையும் படித்தேன். லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்திருக்கிறார்கள். செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்குகளில் எந்த முன்னறிவிப்பும் காட்டாமலே செத்திருக்கின்றன. இதைப் படித்தபோது மூச்சு விட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் 2022 ஐப்பசியில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்ற அண்ணாச்சி ஸ்டூடியோவுக்குப் போனபோது, அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் கணக்கையும் ஒரு தடவை பார்த்தேன். நீலத்தில் "நல்லது" என்றுதான் காட்டியது. அதை அவரிடமும் சொன்னேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது, அது இரண்டாவது முறை நான் கொடுத்த வாக்கு.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கம்பெனியைப் பிறகு பார்ப்போம், இரண்டாக வாங்குங்க. ஒரே நாள், ஒரே பெட்டியிலிருந்து வேண்டாம், வேறு வேறு சரக்காக இருக்கட்டும். ஒன்றைத் தங்கச்சி வீட்டில் வையுங்க. மாதம் ஒரு தடவை திறந்து நாலு படமாவது விரித்துப் பாருங்க. எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு, "சரி, எந்தக் கம்பெனி நல்லது?" என்கிறார்கள். முதல் சில மாதம் பெயர் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய், அவர் சொன்ன பெயரில் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பெயர் சொல்லியிருந்தால் இரண்டு வாங்கியிருப்பார்களோ என்னவோ. அதனால் இப்போது சொல்கிறேன். பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தக் காரணத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

வாரண்டியில் அண்ணாச்சிக்கு மாற்று டிஸ்க் வந்தது. அதே 4 டிபி, புதுப்பித்தது என்று லேபிளில் அச்சடித்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளும் இருந்தாள், கவுன்ட்டரில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துத்தான் கடைசியில் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் லேசுல போகாதுன்னு சொன்னேனா, இல்ல போகாதுன்னே சொல்லிட்டேனா?"

அவர் யோசிக்கவே இல்லை. "லேசுலன்னுதான் சொன்னிய தம்பி. நாந்தான் சரியாக் கேக்கல" என்றார். டிஸ்க்கை என் பக்கமே தள்ளி, "இத நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்டே இருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.