அம்மாவோடு சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு: 350 கிலோமீட்டர், எட்டேகால் மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரம், பஸ் ஐந்தாறு மணி நேரம் என்பார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க ஆசை. பஸ்ஸில் கூட்டிப் போனேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, போய் இறங்கும்போது மணி இரண்டே முக்கால்.

டிக்கெட் எடுக்கும் முன் அம்மாவின் சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பார்த்தேன். ஒருமுறை நுழைவு மட்டும் என்றிருந்தால் மலேசியா போய்விட்டுத் திரும்ப முடியாது. நல்லவேளை, பலமுறை நுழைவு. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையைப் போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியாக வேண்டும். அது இலவசம், யாராவது பணம் கேட்டால் நீங்கள் இருப்பது வேறு ஏதோ இணையதளம்.

நாங்கள் போனது பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. சிங்கப்பூர் எல்லைச் சாவடியான உட்லண்ட்ஸில் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினோம், பெட்டி பஸ்ஸிலேயே இருந்தது. வரிசை ஒரு மணி நேரம். அப்புறம் இரண்டு நாட்டையும் இணைக்கும், 1924-இல் திறந்த கடற்பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர்தான், அதைத் தாண்ட ஐம்பது நிமிடம். பக்கத்தில் நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மலேசிய எல்லையில், ஜொகூர் பாரு பக்கம் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரே நிறத்தில் பத்துப் பதினைந்து பஸ்கள் நிற்கும் இடம் அது. ஓட்டுநர் முன்பே சொன்னபடி வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

கவுண்டரில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைக்கச் சொன்னார்கள். அம்மாவின் ரேகை பதியவே இல்லை. வருஷக் கணக்காகப் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள். மூன்றாவது தடவையும் பதியாதபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தாங்கவில்லை. அதிகாரி பொறுமையாக, விரலைத் துடைத்துவிட்டு அழுத்தி வைக்கும்படி சைகை செய்தார். அம்மா சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார். பதிந்தது.

அதற்கப்புறம் நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை, யோங் பெங்கில் இருபது நிமிடம் சாப்பாடு. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

மறுநாள் பத்துமலையின் 272 படிகளையும் அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

திரும்பும்போது செவ்வாய்க்கிழமை. 1998-இல் திறந்த இரண்டாம் பாலம் வழியாக, சிங்கப்பூரின் இன்னொரு எல்லைச் சாவடியான துவாஸ் போகும் பஸ்ஸாகப் பார்த்து எடுத்தேன். அம்மாவுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையை முந்தின இரவே நிரப்பிவிட்டேன். வேலை அனுமதி அட்டை இருப்பதால் தரைவழியில் எனக்கு அது தேவையில்லை. இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் சேர்த்து முக்கால் மணி நேரம்தான் ஆனது, மொத்தப் பயணம் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்தது. துவாஸ் வரிசையில் எங்கள் முறை வருவதற்குள்ளேயே அம்மா தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.