டெக்சஸில் பழைய படகு வாங்கினேன்: படகுக்கு ஒரு டைட்டில், மோட்டாருக்கு இன்னொன்று

ஹூஸ்டன் பக்கம் படகு வாங்க நினைக்கும் நம்மாட்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, டீலர்கிட்ட வாங்காம ஒரு ஆள்கிட்ட நேரா வாங்குனா டாக்ஸ் கிடையாதுல்ல?" கிடையாது என்று நம்பித்தான் பலர் விலையே பேசுகிறார்கள். உண்டு. விலையில் 6.25 சதவீதம், முழுசாக உண்டு.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய ஃபிரிட்ஜோ சோஃபாவோ வாங்கினால் டெக்சஸில் விற்பனை வரி இல்லை. எப்போதாவது ஒரு பொருளை விற்கும் தனி ஆளுக்கு அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. துடுப்புப் போடும் கயாக், கனூ எல்லாம்கூட அந்த விலக்கில் வந்துவிடும். ஆனால் மோட்டார் படகுக்கும், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கும் மாநில வரிச் சட்டத்தில் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள், 160ஆவது அத்தியாயம். அதில் இந்த விலக்கு செல்லாது. விற்றவர் வரி வசூலிக்க மாட்டார். பெயர் மாற்றப் போகும்போது வாங்கியவர்தான் நேரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயர் மாறாது. ஒரு ஆறுதல், கடையில் சாமான் வாங்கும்போது நகர வரியெல்லாம் சேர்ந்து ஹூஸ்டனில் 8.25 ஆகிறதே, அந்தக் கூடுதல் 2 சதவீதம் படகுக்கு இல்லை.

நான் வாங்கியது 17 அடி அலுமினியப் படகு. பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார், அப்புறம் இழுத்துப்போக ஒரு டிரெய்லர். கால்வெஸ்டன் விரிகுடாவிலும் கிளியர் லேக்கிலும் மீன் பிடிக்க அது தாராளம். விலை 11,000 டாலர் என்று முடிவானது. விற்றவர் அறுபது வயது தாண்டிய அமெரிக்கர், பழகுவதற்கு நல்ல மனிதர். படகையும் நன்றாகவே வைத்திருந்தார். சிக்கல் முழுக்கத் தாள்களில்தான் இருந்தது.

டெக்சஸில் படகு, மோட்டார், டிரெய்லர் என்று வெளியே ஒரே சாமானாகத் தெரிவது அரசாங்கத்தின் கணக்கில் மூன்று சாமான். படகுக்கு ஒரு டைட்டில், அதாவது யார் உரிமையாளர் என்று காட்டும் அரசாங்கப் பத்திரம். அவுட்போர்டு மோட்டாருக்குத் தனியாக இன்னொரு டைட்டில். இந்த இரண்டையும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை (மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை) பார்க்கிறது. டிரெய்லர் மட்டும் கார், லாரி சங்கதி; அது கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போகும். வேறு பல மாநிலங்களில் மோட்டாருக்குத் தனி டைட்டில் கிடையாது. அதனால் வெளி மாநிலத்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள் படகின் டைட்டிலைக் கையில் வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். (எஞ்சின் படகுக்குள்ளேயே பொருத்தியிருந்தால், அதாவது இன்போர்டு என்றால், அதற்குத் தனி டைட்டில் இல்லை. இந்தப் பாடெல்லாம் அவுட்போர்டுக்குத்தான்.)

பணம் கொடுக்கும் முன்னால் எண்களைச் சரிபார்த்தேன். படகின் பின்பலகையில் வலது பக்கம், மேலே, 12 எழுத்தும் எண்ணுமாக ஹல் எண், அதாவது படகின் அடையாள எண், பதிந்திருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டிய படகு எதுவானாலும் அது இருந்தாக வேண்டும். முதல் மூன்று எழுத்து கட்டிய நிறுவனத்தைக் குறிக்கும், இன்றைய முறையில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். விற்பவர் 2012 என்று சொல்லி, கடைசியில் 08 என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். எனக்கு எல்லாம் பொருந்தியது. படகின் டைட்டிலில் இருந்த எண்ணும் அதுவே, பெயரும் விற்பவர் பெயரே. முன்பக்கத்தில் ஒட்டியிருந்த டி.எக்ஸ். எண்ணும், அதாவது படகின் பதிவு எண்ணும், ஒத்துப்போனது.

அடுத்து மோட்டார். அதைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் இருக்கும் சின்னத் தகட்டில் அதன் வரிசை எண் இருக்கும். அந்தத் தகடு சுரண்டியோ பிடுங்கியோ இருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள். திருட்டு மோட்டாராக இருக்கலாம். நான் பார்த்த தகடு சுத்தமாக இருந்தது. எண்ணும் டைட்டிலோடு ஒத்துப்போனது. ஆனால் டைட்டிலில் இருந்த பெயர் வேறு யாரோ ஒருவருடையது.

கேட்டேன். படகோடு வந்த மோட்டார் பழுதாகிவிட்டதாம். சில வருடம் முன்னால் வேறொருவரிடம் இதை 4,000 டாலருக்கு வாங்கி மாட்டினாராம். அந்த ஆள் டைட்டிலின் பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இவர் அதைத் தன் பெயருக்கு மாற்றாமல் மேசை டிராயரிலேயே வைத்துவிட்டார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகவே கிடந்தது. "உன் பெயரை எழுதிக்கொள், அவரிடமிருந்து நீயே நேராக வாங்கியதாக இருக்கட்டும், இருவருக்கும் வேலை மிச்சம்" என்றார். ரொம்ப இயல்பாகச் சொன்னார். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் போல.

எனக்கு அதில் சம்மதமில்லை. மோட்டாரின் பெயரை மாற்ற ஒரு படிவம் உண்டு, பி.டபிள்யூ.டி. 144 என்று பெயர். படகுக்கு 143. அதில் யார் விற்றார், என்றைக்கு, என்ன விலைக்கு என்று எழுதி, சொன்னதெல்லாம் உண்மை என்று வாங்கியவரும் விற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பார்த்தே இராத ஒருவரிடம் வாங்கினேன் என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பதா? விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். ஒரு மோட்டாருக்காகப் பொய்க் கையெழுத்து எதற்கு? அதோடு, விற்பவர் அந்த மோட்டாரை வாங்கியபோது கட்ட வேண்டிய வரியும் பாக்கி நிற்கிறது. கை மாறுகிற ஒவ்வொரு தடவையும் வரி உண்டு. நடுவில் ஒருவரைத் தாண்டிவிட்டுப் போக முடியாது.

ஆகவே மரியாதையாகவே சொன்னேன்: படகு எனக்கு வேண்டும், விலையும் சம்மதம், முதலில் மோட்டாரை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன். அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் மாறியது. வேறு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். சரி, அப்படியானால் அவருக்கே கொடுங்கள் என்று வந்துவிட்டேன். அப்புறம் அவரே கூப்பிட்டார்.

நல்ல வேளையாக அந்தப் பழைய உரிமையாளர் கார்பஸ் கிறிஸ்டியில்தான் இருந்தார், போன் எண்ணும் மாறவில்லை. படிவத்தில் விற்றவர் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். விற்பவர் 4,000 டாலருக்கான வரி 250, வரி கட்டும் கெடு தாண்டியதற்கு அபராதம், டைட்டில் கட்டணம் 27 எல்லாம் கட்டினார். கெடு தாண்டி முப்பது நாளுக்குள் என்றால் வரியில் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 10 சதவீதம் அபராதம். அவருக்குப் பத்துதான். பழைய உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால் ஜாமீன் பத்திரம் வாங்கி, அதன் பேரில் டைட்டில் கேட்டு விண்ணப்பிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அந்த அலைச்சலை விற்பவர் படட்டும். வாங்குகிறவர் தலையில் ஏற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. உரிமையாளர் இறந்துபோய்ப் பிள்ளைகள் விற்கிற படகுக்கும் இதையேதான் சொல்வேன். வாரிசுப் பத்திரம் கையில் வந்த பிறகு விலை பேசுங்கள்.

இன்னொன்று, வங்கிக் கடனில் வாங்கிய படகாக இருந்தால் டைட்டிலில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். கடன் தீர்ந்தது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் பெயர் மாறாது. டைட்டிலில் இரண்டு உரிமையாளர் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். கணவன் வந்து மனைவிக்கும் சேர்த்துப் போடுகிறேன் என்று சொன்னால் கேட்காதீர்கள்.

இனி வரிக் கணக்கு. விற்பனைச் சீட்டில் மொத்தமாக 11,000 என்று மட்டும் எழுதினால் பிறகு எதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். அதனால் முதலிலேயே மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டோம்: படகு 5,000, மோட்டார் 5,000, டிரெய்லர் 1,000. தூண்டில், நங்கூரம், லைஃப் ஜாக்கெட் என்று சில சில்லறைச் சாமான்களும் கூட வந்தன. அவர் அவற்றுக்குக் காசு கேட்கவில்லை, அதனால் எழுதவும் இல்லை.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லித் தெரிந்தவர்கள் பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். "இரண்டாயிரம்னு போடுங்க, யாரு பார்க்கப் போறா?" என்கிறார்கள். அப்படிச் செய்தால் மிஞ்சுவது சில நூறு டாலர். அதற்காக நானும் விற்றவரும் சேர்ந்து பொய்யை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாளைக்குப் படகு திருடு போனாலோ புயலில் போனாலோ, இன்சூரன்ஸ்காரரிடம் காட்டவும் அதே தாள்தான். கால்வெஸ்டன் பக்கம் புயல் யாருக்கும் புதிதில்லை.  பொய் எழுதுவதைச் சாமர்த்தியம் என்று நம் பிள்ளைகள் முன்னால் பேசுவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பெயர் மாற்றப் போன அன்று விற்பவரையும் கூடவே வரச் சொன்னேன். இது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறைக்கு ஆஸ்டினில் தலைமை அலுவலகம், மற்ற ஊர்களில் கிளை அலுவலகங்கள் உண்டு. சில கவுண்டி வரி அலுவலகங்களிலும் படகு வேலை செய்வார்கள், எல்லாக் கவுண்டியிலும் இல்லை. போவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். கவுண்டரில் இரண்டு படிவம், இரண்டு டைட்டில், விற்பனைச் சீட்டு, என் டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் வைத்தேன். அவர்கள் சரிபார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகே வங்கிக் காசோலையை விற்பவர் கையில் கொடுத்தேன். ஏதாவது ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார் அல்லவா.

படகுக்கும் மோட்டாருக்கும் 10,000 டாலருக்கு வரி 625. டைட்டில் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 27, ஆக 54. பதிவுக் கட்டணம் 53. பதினாறு அடிக்கும் குறைவான படகு என்றால் 32 போதும். 16 அடியிலிருந்து 26 அடிக்கு உட்பட்டதற்கு இந்த 53. பதிவு இரண்டு வருடத்துக்குச் செல்லும். மோட்டாருக்கு டைட்டில் மட்டும்தான், பதிவு கிடையாது. எல்லாம் சேர்த்து 732 டாலர் கட்டினேன். வாங்கும் விலையோடு இதையும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விலையை இழுத்துப் பிடித்துப் பேசிவிட்டு வரிக்குக் கையில் காசில்லாமல் தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அபராதம் அங்கேதான் தொடங்குகிறது.

டிரெய்லர் வேலை சுலபம். மொத்த எடை 4,000 பவுண்டுக்குள் இருந்தால் டெக்சஸில் அதற்கு டைட்டில் கட்டாயமில்லை, பதிவு மட்டும் போதும். விற்பனைச் சீட்டும் பழைய பதிவுத் தாளும் எடுத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்தில் 130-யு படிவம் கொடுத்தேன். ஆயிரம் டாலருக்கு வரி 62.50, அப்புறம் நம்பர் பிளேட்டுக்கான கட்டணம்.

புது டைட்டில்கள் தபாலில் வந்ததும் எண்களை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். தட்டச்சில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றைக்கே சொல்லித் திருத்திக்கொள்வது நல்லது. விற்கும்போது வாங்குகிறவர் என்னைப் போலவே உட்கார்ந்து பார்ப்பார். டி.எக்ஸ். எண் படகோடேயே இருக்கும், ஆள் மாறினாலும் அது மாறாது. எழுத்துகள் குறைந்தது மூன்று அங்குல உயரம் இருக்க வேண்டும், படகின் நிறத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். என் படகில் இடது பக்க எழுத்துகள் வெயிலில் வெளுத்திருந்ததால் இரண்டு பக்கமும் புதிதாக ஒட்டினேன். பதிவுக்குக் கொடுக்கும் புது ஸ்டிக்கரை அந்த எண்ணின் வரிசையிலேயே, மூன்று அங்குலத்துக்குள் ஒட்ட வேண்டும். பதிவு அட்டை எப்போதும் படகில் இருக்க வேண்டும், வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. தண்ணீரில் கேம் வார்டன், அதாவது மீன்பிடி, வேட்டைச் சட்டங்களைப் பார்க்கும் அதிகாரி, நிறுத்தினால் முதலில் அதைத்தான் கேட்பார். நான் ஒரு ஜிப் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

படகு ஓட்டுகிறவர் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால் படகோட்டுதல் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், 15 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட மோட்டாருக்கு. எனக்கு அது தேவைப்படவில்லை. என் அக்கா மகன் ஓட்ட ஆசைப்படுகிறான், அவனை இணையத்தில் அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன்.