மணி படியேறிய நாள்

“நாய வீட்டுக்குள்ளயா கெடத்துற, மக்களே?”

எங்கள் சோபா முழுக்க நீண்டு படுத்திருந்த மணியை வீடியோவில் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. குமரி மாவட்டக் கடற்கரையில், முட்டத்தில் எங்கள் வீட்டிலும் மணி என்று ஒரு நாய் இருந்தான். புறவாசலில் தென்னை மூட்டில் கிடப்பான். சாளைத் தலையும் மிஞ்சின சோறும் அவன் பங்கு. அடுக்களை வாசல் வரைக்கும் வரலாம். அதற்கு மேல் ஒரு கால் எடுத்து வைத்தால் அம்மா வாரியலைத் தூக்கிவிடுவாள். அந்த வீட்டில் வளர்ந்த நான், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் ஒரு நாயோடு ஒரே அறையில் உறங்குகிறேன். ஊரில் பலர் இதைக் கேட்டுவிட்டார்கள். முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

2021 செப்டம்பரில் இங்கே வந்தோம். என் கணவருக்கு வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். கடலுக்குப் போனவருக்காகக் காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். ஆனால் அம்மா கதவடைத்த வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. காலையில் பைப்படியில் நாலு பேர், மீன் சந்தையில் பத்துப் பேர், சாயங்காலம் கோவிலில் ஜெபமாலைக்குப் பாதி ஊர். ‘எங்க போற, எப்ப வந்த, முகம் ஏன் வாடிக் கெடக்கு?’ என்று கேட்பவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் சின்ன வயதில் வழி தேடுவோம். அபர்டீனில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

அப்புறம் இருட்டு. டிசம்பர் 21 வாக்கில் இங்கே சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் எழும்பும், பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்துவிடும். நம்மூரில் ஆண்டிலேயே சிறிய பகலுக்கும் பதினொன்றரை மணி நேரம் உண்டு.

வந்து இரண்டு மாதத்தில், நவம்பர் 26 இரவு, ஆர்வென் புயல் அடித்தது. அவர் மேடையில் இருந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் கேட்டபடி விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குள் அடித்த காற்று வேறு. 2017 நவம்பர் 30 காலை, ஊரில் அடித்த ஓகி புயல். சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. சின்னத்துறையில் சித்தி வீட்டுத் தெருவில் அன்றைக்குக் கேட்ட அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விடியும்வரை அவருடைய போனுக்கு முயன்றுகொண்டே இருந்தேன். மறுநாள் மத்தியானம் அவர் நலம் என்று தெரிந்தது. ஆனாலும் என் உடம்பு அந்த இரவை விட்டு வெளியே வரவில்லை.

அதன்பிறகு பகல் பன்னிரண்டு மணிவரை படுக்கை. தலை வாருவதில்லை. அம்மா அழைத்தால் எடுப்பதில்லை. பிப்ரவரியில் அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். வெளிச்சம் குறைவதால் வருகிற பருவகால மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருக்கின்றன என்றார் டாக்டர். மாத்திரை, வாரம் ஒருமுறை போனில் ஆலோசனை, குளிர்காலம் முழுக்க வைட்டமின் டி. இவை உதவின. இதை அழுத்திச் சொல்கிறேன், நாய் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். நாய் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

2022 அக்டோபரில் மணி வந்தான். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு. காப்பகத்திலிருந்து ஆள் வந்து வீட்டையும் எங்களையும் பார்த்து, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வாங்கிய பிறகே தந்தார்கள். இங்கே 2016 முதல் எல்லா நாய்க்கும் தோலுக்கடியில் சிப் கட்டாயம். அதில் உரிமையாளர் என்று என் பெயர் ஏறிய அன்று, இந்த நாட்டில் ஒரு உயிர் என் பொறுப்பில் இருக்கிறது என்று தோன்றியது.

பந்தய நாய்கள் கூண்டுக் கொட்டகையிலேயே வளர்பவை. வீடு என்றால் என்னவென்று தெரியாது. மாடிப்படியைப் பார்த்ததும் மணி நடுங்கிவிட்டான். மெலிந்த கால்கள் நான்கும் உதறுகின்றன, வால் வயிற்றோடு ஒட்டிவிட்டது. முதல் மூன்று நாள் அவனுக்காக நான் கீழே வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தேன். நான்காம் நாள் முன்கால் ஒன்றைப் பிடித்து முதல் படியில் வைத்தேன், அப்புறம் அடுத்ததை. பின்கால்கள் வரவே இல்லை. அடிவயிற்றில் கைகொடுத்துத் தூக்கினேன். ஒரு படி. ஒரு துண்டு கோழி. மறுபடி ஒரு படி. மொத்தம் பதின்மூன்று படிகள், ஆறு நாள் ஆனது. உச்சியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த ஆறு நாளில் ஒருமுறைகூடக் காலை ஏழரைக்கு மேல் நான் உறங்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கிரேஹவுண்டு பகலில் பெரும்பாலும் உறங்கும். இரண்டு நேரம் அரைமணி நடை போதும். ஆனால் அந்த இரண்டு நேரமும் தப்பாது. உடம்பில் கொழுப்பில்லாத நாய், குளிர் தாங்காது, கோட் மாட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் அப்படித்தான் என் கண்ணில் பட்டது. வழியில் ஆட்கள் நின்றார்கள். ‘பெயர் என்ன? என்ன வயசு? தொடலாமா?’ ஓராண்டாக என்னிடம் பேசாத தெரு அது. ஒரு முதியவர் தினமும் தன் டெரியர் நாயோடு வருவார். நான் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்டுவிடுவார். எனக்கு முட்டம் பைப்படி திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

2015-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள், நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்திருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறதாம். பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் வேலை செய்யும் அதே சுரப்பு. 2017-இல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்ததில், தனியாக வாழ்பவர்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இறப்பு குறைவாக இருந்தது. அதற்கு நாய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, நடக்கத் தெம்புள்ளவர்கள்தான் நாய் வளர்க்கிறார்களோ என்னவோ. எனக்கு 2023 அக்டோபரில் ஒரு பதில் கிடைத்தது. பாபெட் புயல். அவர் மறுபடி கடலில். ஜன்னல் அதிரத் தொடங்கியதும் என் மூச்சு ஏறியது. மணி எழுந்து வந்து தன் நீண்ட தலையை என் மடியில் வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு உறங்கினான். அந்த விலா ஏறி இறங்குவதை உள்ளங்கையால் எண்ணிக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் அன்று போனை நாலு முறைதான் எடுத்தேன்.

ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவிடம் ஒரு குட்டி வாங்கட்டுமா என்று கேட்டேன். அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். “எனக்கெதுக்கு? இங்க ஆளுக்கா பஞ்சம்?” என்றாள். சரிதான், அவளுக்கு ஊர் இருக்கிறது. ஆனால் மார்த்தாண்டம் பக்கம் போகும்போது பார்க்கிறேன், பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, பெரிய கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இரண்டு முதியவர்கள். சில வீடுகளில் நாயும் உண்டு, பகல் முழுக்கச் சங்கிலியில், காவலுக்கு. அதை அவிழ்த்துக் காலையில் கொஞ்ச நேரம் அதோடு நடந்தால் போதுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். இழுத்துக் கீழே தள்ளாத, சாதுவான, வயதான நாயாக இருந்தால் நல்லது. மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருடம் தவறாமல். இதில் மட்டும் அசட்டை கூடாது.

அடுத்த மாதம் மறுபடி ஊருக்கு வருகிறேன். நேற்றுத் தேதியைச் சொன்னேன். எத்தனை நாள் இருப்பேன் என்று அம்மா கேட்கவில்லை.

“அப்ப மணிக்கு யாரு சோறு குடுப்பா?” என்றாள்.

டெரியர்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன் என்றேன். “அவரு வீட்டுலயும் படி இருக்கா?” என்று கேட்டாள்.