மேட்சிங் சென்டர் துணியை வைத்து ஒரு நிறப் பரிசோதனை

நிறக் கோட்பாட்டுப் பாடத்துக்கு இந்த செமஸ்டரில் வந்த புராஜெக்ட் இதுதான்: ஒரே நிறம் இரண்டு வேறு நிறமாகத் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். எடிட்டிங்கில் நிறத்தைத் தொடக்கூடாது. ஒரே துணித்துண்டை இரண்டு வேறு நிறப் பின்னணியில் வைத்தால், பக்கத்து நிறத்தால் அது கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும்; அதைத்தான் எடுக்க நினைத்தேன்.

துணிக்கு மேட்சிங் சென்டர்தான் சரி. பிளவுஸ் பிட் அடுக்கில் பச்சை மட்டுமே ஒரு தட்டு நிறைய இருந்தது: கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை. டியூப்லைட்டில் ஒன்றுபோலவே இருந்த இரண்டு சாம்பல் துண்டுகளைக் கடைக்காரர் கையில் கொடுத்து, "வாசல்ல வச்சுப் பாரும்மா" என்றார். வெயிலில் ஒன்றில் லேசாக ஊதா அடித்தது. வகுப்பில் படித்த மெட்டாமெரிசம் கண்ணெதிரே நடந்தது. இரண்டு சாயமும் வேறு; ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிரிந்துவிடும். புடவைக்குத் துணி பார்ப்பவர்கள் ஏன் வாசலுக்கு வருகிறார்கள் என்பதும் புரிந்தது.

வீட்டில் முதல் மல்லுக்கட்டு ஒயிட் பேலன்ஸோடு, அதாவது வெளிச்சத்தின் நிறச்சாய்வைக் கேமரா ஈடுகட்டும் அமைப்போடு. ஃபிரேம் முழுக்கப் பச்சை இருந்தால் ஆட்டோ அதைச் சரிசெய்யப் பார்த்து, எல்லாவற்றையும் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் தள்ளிவிடுகிறது. சாம்பல் துண்டின் நிறம் படத்திலேயே மாறிவிட்டால் கண்ணை ஏமாற்றியதாக ஆகாது. அதனால் 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை நிலைநிறுத்தி, இரண்டு பின்னணியையும் ஒரே ஃபிரேமில் கொண்டுவந்தேன்.

அப்புறம் வந்ததுதான் பெரிய சிக்கல். பச்சை நடுவே வைத்த சாம்பல் கண்ணுக்குக் கொஞ்சம் சிவந்து தெரிய வேண்டும். ஆனால் துணியில் சின்ன மடிப்பு மேலெழுந்து நின்றாலும், அதில் பட்ட வெளிச்சம் பச்சையாகச் சாம்பல் மேல் விழுந்து விளைவையே குலைத்துவிடுகிறது. பெயின்ட்டில் இந்தத் தொல்லை கிடையாது. இஸ்திரி போட்டு, அட்டையில் இழுத்து ஒட்டி, மேலிருந்து எடுத்தபோதுதான் அடங்கியது.

இந்த விளைவை விளக்கியவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல். 1824-இல் பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் காரணம் என்று கண்டவர். 1839-இல் புத்தகமாகவும் எழுதினார். இது ஒரு தறிக்கூடத்தில் தொடங்கியது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நானும் துணியையே எடுத்ததற்கு அதுதான் காரணம்.

சிவப்புத் துணிப் பின்னணி இன்னும் தண்ணி காட்டுகிறது. மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும்போதே, படத்தின் சிவப்புப் பகுதியான சிவப்பு சேனல் மட்டும் உச்சத்தில் முட்டி நின்றுவிடுகிறது. நெசவு காணாமல் போய்த் தட்டையான பட்டையாகிறது. ஒரு ஸ்டாப் குறைத்தால், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கினால், இழைகள் திரும்பி வருகின்றன, ஆனால் சாம்பல் இருண்டுவிடுகிறது.

இதுவரை நன்றாக வந்தது மங்கலான காக்கித் துண்டு. ஒரு பக்கம் மாம்பழ மஞ்சள், இன்னொரு பக்கம் கருநீலம். துண்டு சின்னதாகவும் பின்னணி பெரிதாகவும் இருந்தால் வித்தியாசம் கூடுகிறது. அம்மாவிடம் காட்டியபோது இரண்டும் ஒரே துணி என்று நம்பவேயில்லை. அட்டையில் ஓட்டை போட்டு, பின்னணியை மறைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்து மயில்கழுத்து நிறப் பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் கோணம் மாறினாலே நிறம் மாறும். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, துணியை மட்டும் திருப்பித் திருப்பி எடுக்கப்போகிறேன்.